எம்.பி. என்ன கேட்டார், என்ன பேசினார், எப்படி வாக்களித்தார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே நம் எம்.பி.யைப் பற்றி நமக்குக் கிடைப்பது திறப்பு விழாப் படங்களும் பேட்டிகளும்தான். டெல்லியில் அவர் பார்த்த வேலை எழுத்தில் பதிவாகி, யாரும் படிக்கலாம் என்றுதான் இருக்கிறது. படிப்பவர்கள்தான் குறைவு. சில ஆண்டுகளாக இந்தப் பதிவுகளை விடாமல் படித்து வருகிறேன். நண்பர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

இந்தப் பதிவுகளை எங்கே பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. உறுப்பினர் பெயரையோ அமைச்சகத்தையோ கொடுத்தால் கேள்வியும் அமைச்சர் தந்த பதிலும் பி.டி.எஃப். கோப்பாக வரும். அவையில் பேசியதெல்லாம் விவாதத் தொகுப்பில் இருக்கும். பழைய காலத்து விவாதங்கள் வேண்டுமென்றால் நாடாளுமன்ற மின்நூலகத்தில் 1952-லிருந்தும் அதற்கு முன்பிருந்தும் தேடலாம். எத்தனை கேள்வி, எத்தனை விவாதம், எத்தனை நாள் வருகை என்ற கணக்கை மட்டும் பார்க்க பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் பக்கம் வசதியானது. ஆனால் அந்தக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி: என்ன வித்தியாசம்?

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். கேட்ட உறுப்பினர் அதை ஒட்டி இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலில் ஏறும். மாநிலங்களவையில் 15-ம் 160-ம். அச்சிட்ட பட்டியலில் மக்களவையின் நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளிலும் மற்றவை வெள்ளைத் தாளிலும் இருக்கும்.

எந்தக் கேள்வி பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான் கிடைக்கும். 20 கேள்வியும் பேசப்படுமா என்றால், இல்லை. ஒரு மணி நேரமே உள்ள கேள்வி நேரத்தில் நாலைந்து முடிவதே பெரிது. மீதிக்கு எழுத்துப் பதில்தான். ஆகவே நட்சத்திரக் கேள்வி குறைவாக இருப்பதை வைத்து யாரையும் குறை சொல்ல முடியாது. கிடைத்த துணைக் கேள்வியை எப்படிப் பயன்படுத்தினார் என்பதில்தான் அவருடைய தயாரிப்பு தெரியும். எழுதி வந்ததைப் பார்த்துப் படிப்பவருக்கும், அமைச்சர் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவருக்கும் உள்ள தூரம் இரண்டே நிமிடத்தில் விளங்கிவிடும்.

நிறையக் கேள்வி கேட்டவர் நல்ல எம்.பி. என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். தேர்தல் நேரத்தில் "இவர் 500 கேள்வி கேட்டார், அவர் 50 தான்" என்று வரும் ஒப்பீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் காரணம், ஒரே மாதிரியான கேள்விகளை அவைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரு கேள்விக்குக் கீழே ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொருவர் கணக்கிலும் அது ஒன்றாக ஏறும். இரண்டாவது, அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்பவர்கள் அவர்கள்தான். சபாநாயகரும் கேட்பதில்லை. அவர்கள் கணக்கில் பூஜ்யம் என்று இருப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம். "நாட்டில் சுற்றுலாவை மேம்படுத்த அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை?" என்று கேட்டால், அமைச்சகம் தன் திட்டங்களின் பெயர்களை அடுக்கி இரண்டு பக்கம் அனுப்பும். கேள்வி ஒன்று கூடும். புதிதாக யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நான் பார்ப்பது வேறு. ஒரு எம்.பி. ஒரே விஷயத்தை எத்தனை கூட்டத்தொடருக்குத் தொடர்ந்து பிடித்திருக்கிறார்? முதல் பதிலில் விட்டுப்போனதை அடுத்த கேள்வியில் கேட்டாரா? அதே விஷயம் மானியக் கோரிக்கை விவாதம் (பட்ஜெட்டில் ஒவ்வோர் அமைச்சகமும் கேட்கும் பணம் பற்றிய விவாதம்) வரும்போது அவர் பேச்சில் வந்ததா? மசோதாவாக வந்த அன்று அவர் என்ன செய்தார்? கேள்வி, பேச்சு, வாக்கு மூன்றையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தால்தான் ஆள் தெரிவார். ஐந்தாண்டில் அப்படி இரண்டு விஷயங்களைக் கடைசிவரை கொண்டுபோனவர், என் கணக்கில், ஆயிரம் கேள்வி கேட்டவரைவிட மேல்.

அமைச்சர் தரும் பதிலை எப்படிப் படிப்பது? ஒன்றுமே புரிவதில்லையே.

பழகினால் புரியும். கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். பதிலில் "(அ) முதல் (ஈ) வரை" என்று மொத்தமாகச் சேர்த்து ஓர் அறிக்கை வந்தால், முதலில் எந்தப் பகுதிக்குப் பதிலே இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் கூர்மையான பகுதிதான் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிருக்கும். "(ஆ) கேள்வி எழவில்லை" என்றால், (அ)-வுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டதால் மற்றதைப் பேசத் தேவையில்லை என்று பொருள். அப்போது அந்த "இல்லை" எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். படித்த நாளிலிருந்து மனதை விட்டுப் போகாதது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் கடந்த ஐந்தாண்டில் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு பதில் தந்தது. சில நாளில் வந்த இன்னொரு பதில், 1993-லிருந்து கழிவுநீர்ச் சாக்கடையையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்ததாகச் சொன்னது. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம், 213 பேர். இரண்டு பதிலும் அரசின் பதில்தான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் "கையால் மலம் அள்ளுதல்" என்பதையும் "சாக்கடை, மலக்குழியை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்" என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் பூஜ்யம். இரண்டாவதைப் போட்டுக் கேட்டால் 941 உயிர்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தச் சொல் வேறுபாடு என்ன ஆறுதலைத் தரும்? அதனால்தான் கேள்வியை எழுதும் எம்.பி.க்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அடிக்கடி வரும் இன்னும் சில பதில்கள் உண்டு. "இது மாநில அரசின் பொருள்" என்பது ஒன்று. காவல்துறை, பொது சுகாதாரம் போன்றவற்றில் அது உண்மையும்கூட. ஆனால் ஒன்றிய அரசின் பணத்தில் நடக்கும் திட்டம் என்றால் அந்தப் பதில் போதாது. "அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை" என்பது இன்னொன்று. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இப்படித்தான் பதில் வந்தது. எண்ணிக்கை கிடைக்கவில்லை. ஆனால் அரசு எண்ணவே இல்லை என்பது அரசின் கையெழுத்தோடு வெளியே வந்தது. அந்தக் கேள்வியை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று வந்தால் அது உறுதிமொழி. அதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. பல உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது நடைமுறை. உங்கள் எம்.பி. அதைத் திரும்பத் தோண்டினாரா என்று பாருங்கள்.

ஒரு கேள்வியால் உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1957-ல் எல்.ஐ.சி. நிறுவனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்தது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. அரசின் பதில் தெளிவாக இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி ஆதாரங்களோடு விரிவாகப் பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்ளா தலைமையில் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்த நிதியமைச்சர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கேள்வி, பதில், பதிலில் விழுந்த ஓட்டை, அதைப் பிடித்த பேச்சு, விசாரணை என்று ஒவ்வொரு படியாக நடந்தது. ஆளுங்கட்சிக்காரரே தன் அரசைக் கேட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

பேச்சுகளை யூடியூபில் பார்த்தால் போதாதா?

போதாது. இரண்டு நிமிடத் துண்டு வீடியோவில் வேகம் தெரியும், வாதம் தெரியாது. முழுப் பேச்சை எழுத்தில் படியுங்கள். எந்தத் தலைப்பின் கீழ் பேசினார் என்றும் பாருங்கள். மசோதா மீதான விவாதத்தில் பேசினால் அமைச்சர் பதிலுரை தர வேண்டும். நேரமில்லா நேரத்தில் (முன்னறிவிப்புக் கெடு இல்லாமல் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம், ஆங்கிலத்தில் ஜீரோ அவர்) எழுப்பினால் அங்கேயே பதில் சொல்லும் கட்டாயம் அமைச்சருக்கு இல்லை. மக்களவையில் அது கேள்வி நேரம் முடிந்து நண்பகலில் தொடங்கும். மாநிலங்களவையில் காலை 11 மணிக்கு. விதி 377-ன் கீழ் 250 சொற்களுக்குள் ஒரு கோரிக்கையை வைக்கலாம். ஊர்ப் பாலம், ரயில் நிறுத்தம் போன்றவை பெரும்பாலும் இதில்தான் வரும்.

விவாதத் தொகுப்பில் நடுநடுவே நட்சத்திரப் புள்ளிகள் இருந்தால் அந்த வார்த்தைகள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டவை. சில பேச்சுகள் பேசப்படாமல் எழுத்தில் மேசையில் வைக்கப்பட்டவையாக இருக்கும். நேரம் கிடைக்காதவர்கள் அப்படிச் செய்வார்கள். அதையும் பேச்சுக் கணக்கில் சேர்க்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தமிழில் பேசினால் பதிவாகுமா?

ஆகும். அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவு, அவைத் தலைவரின் அனுமதியோடு தாய்மொழியில் பேச வழி செய்கிறது. ஆனால் வழக்கமான மக்களவை விவாதத் தொகுப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் காண்பீர்கள், "தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு" என்ற குறிப்போடு. ஒரு பழமொழியோ வட்டார வழக்கோ அதில் சப்பென்று ஆகிவிடும். தமிழில் பேசியவரை மதிப்பிடும்போது வீடியோவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

எப்படி வாக்களித்தார் என்று தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம் என்போர்", "இல்லை என்போர்" என்று கேட்டு, எந்தக் குரல் பலமாக இருக்கிறது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். பெயர் பதிவாகாது. யாராவது அதை ஏற்காமல் டிவிஷன் கேட்டால்தான் பொத்தான் அழுத்தும் வாக்கெடுப்பு. அதில்தான் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றும் பெயரோடு தொகுப்பில் ஏறும்.

மூன்று வேளாண் மசோதாக்கள் 2020 செப்டம்பரில் நிறைவேறியதும் குரல் வாக்கெடுப்பில்தான். மாநிலங்களவையில் 20-ஆம் தேதி எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டுக் கொந்தளித்தும் நடக்கவில்லை. நாடே பேசிய ஒரு சட்டத்துக்கு, யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப் பட்டியல் இல்லை. 2021 நவம்பர் 29-ல் அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றபோது விவாதமே இல்லை. வாக்காளராக என் பெரிய ஆதங்கம் இது. முக்கியமான சட்டங்களுக்குப் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு தானாகவே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் நிலைமை வேறு. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 20-ல் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கு மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்று துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

கொறடா உத்தரவு இருக்கும்போது தனி எம்.பி.யின் வாக்குக்கு என்ன மதிப்பு?

நியாயமான கேள்வி. 1985-ல் அரசியலமைப்பில் வந்த பத்தாவது அட்டவணையின்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது இதுதான்), கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பிக்கலாம். எனவே பதிவாகும் வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கு. உறுப்பினரின் சொந்த மனம் வேறு இடங்களில் தெரியும்: அவர் கொடுக்கும் திருத்த நோட்டீஸ்களில், மசோதாக்களையும் துறைகளையும் ஆராயும் நிலைக்குழுவின் அறிக்கையில் எழுதும் மாற்றுக் கருத்தில், அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களில்.

அதற்காக வாக்கே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் விழுந்தது.

பேச்சில் எதிர்ப்பு, வாக்கில் வெளிநடப்பு: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

சாதாரண மசோதாவுக்கு, அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். வெளியே போனவர் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆக, எட்ட வேண்டிய எண் இறங்கிவிடும். எண்ணிக்கை நெருக்கமாக இருக்கும் அவையில் வெளிநடப்பு பாதி ஆதரவு மாதிரி வேலை செய்யும். 2019 ஜூலை 30-ல் முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. மசோதாவை எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க.வும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்பு செய்திருந்தன.

இதற்கு நேர்மாறும் உண்டு. 2012 டிசம்பர் 5-ல் சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீடு பற்றி மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. அந்த முதலீட்டுக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த தி.மு.க., அரசின் பக்கம் வாக்களித்தது; பா.ஜ.க.வுக்கு இடம் தரக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்பு. அரசு 253-க்கு 218 என்று வென்றது. காரணம் சரியா தவறா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் பேச்சை மட்டும் படித்தவருக்கு அன்று நடந்தது தெரிந்திருக்காது. வாக்கை மட்டும் பார்த்தவருக்கும் அப்படித்தான்.

தனிநபர் மசோதாக்கள் சட்டமாவதே இல்லை. பின் எதற்கு?

1952-லிருந்து 14 தான் சட்டமாகியிருக்கின்றன. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நான் அவற்றை ஆர்வமாகப் படிப்பேன். திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்டோரின் உரிமைகளுக்காகத் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. பிறகு அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர, 2019-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் குறைகளைப் பற்றித் திருநர் சமூகமே கடுமையாகப் பேசியது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு தனி உறுப்பினரால் எதுவரை தள்ள முடியும், அரசு எந்த இடத்தில் நிறுத்தும் என்று நன்றாகத் தெரியும்.

வருகைப் பதிவு?

அன்று வந்ததாகப் பதிவு செய்ததற்கான கணக்கு. எத்தனை மணி நேரம் இருந்தார் என்று அது சொல்லாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்வதில்லை. இதற்கு நான் அதிக எடை தருவதில்லை. ஆனால் பாதி நாள்கூட வராதவர் என்றால் காரணம் கேட்க வேண்டும்.

குழுக்களில் செய்யும் வேலை எங்கே தெரியும்?

துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் யார் என்ன கேட்டார் என்பது வெளியே வராது. அறிக்கையும், அதன் பின்னிணைப்பில் யார் வந்தார்கள் என்ற விவரமும் கிடைக்கும். அமைதியாக நல்ல வேலை செய்யும் பலர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டால்?

2005 டிசம்பரில் அப்படிப் பிடிபட்ட 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள், 10 பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் நீதிமன்ற வழக்கிலிருந்து அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. அது லஞ்சத்துக்குப் பொருந்தாது என்று 2024 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

என் எம்.பி.யிடம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்ல முடியுமா?

தாராளமாக. நான் செய்திருக்கிறேன். முதல் முறை, எங்கள் பகுதியின் பிரச்சினை ஒன்றைப் பற்றி உணர்ச்சியோடு நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த முறை அதையே கேள்வி வடிவத்தில், ஒரே பக்கத்தில் எழுதினேன். அது பட்டியலில் ஏறியது.

கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக்கூடாது. திட்டத்தின் சரியான பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, மாநில வாரியாகவா மாவட்ட வாரியாகவா, ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டதா" என்று கேட்டால் "எடுக்கப்பட்டு வருகிறது" என்றுதான் வரும். 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனே அனுப்புங்கள். அமைச்சகங்களுக்கு வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். எந்த நாள் என்றும் குறிப்பிட்டால் அவருடைய உதவியாளருக்கு வேலை எளிது. ஒரு நாளுக்கு மக்களவை உறுப்பினர் 5 நோட்டீஸ் வரைதான் கொடுக்கலாம், அதிலும் குலுக்கல் இருக்கிறது. அதனால் முதல் தடவை வரவில்லை என்றால் விட்டுவிடாமல் அடுத்த வாரத்துக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் வந்ததும் முதலில் பதில் வராத பகுதியை அடிக்கோடிடுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு அதையே (அ) ஆக்கி அனுப்புங்கள்.